தானே எரியும் விளக்கு

மாலை மங்கியதும் வீட்டில் விளக்கேற்றுதல் தமிழர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தாராவியில் ஒற்றை அறையில் வாழ்ந்த காலத்திலும், மாட்டுங்காவில் பலர் கூடி வாழ்ந்த வீடுகளிலும், செம்பூரில் சிறு இல்லம் கண்ட பின்னரும் நம்மவர் அவ்வழக்கத்தை விட்டாரில்லை. இன்று தாணேக் கழியைக் கடந்து நவி மும்பையில் குடியேறிய குடும்பங்கள் சிலவற்றில், விளக்கேற்றும் அவ்வேலையைச் சிறு கருவியொன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. குறித்த நேரத்தில் அதுவே விளக்கைப் போடுகிறது. குறித்த நேரத்தில் அதுவே அணைக்கிறது. ஆள் நடந்தால் எரிகிறது. ஆள் இல்லையேல் அணைகிறது.

சான்பாடாவில் நாம் குடியிருக்கும் வீட்டிலும் இத்தகைய ஏற்பாட்டைச் செய்தோம். ஓரிரவு அது நம்மைக் கைவிட்டது. கைவிட்ட காரணத்தைத் தேடிக் கண்டு திருத்திய விதத்தை இங்கே எழுதுகின்றோம். இவ்வேற்பாட்டைச் செய்துள்ள, அல்லது செய்ய எண்ணியுள்ள அன்பர்களுக்கு இது பயன்படும் என்பது நம் கருத்து.

அந்த இரவு

நமக்கு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். சில நாட்கள் இரவு வேலையும் உண்டு. மனைவியும் பிள்ளைகளும் உள்ளறையில் உறங்குவர். எழுபது வயதைக் கடந்த நம் அன்னையார் கூடத்தில் படுப்பார். இரவில் எழுந்தால் சன்னல் இல்லாத குறுகிய நடைவழியைக் கடந்தே குளியலறைக்குச் செல்ல வேண்டும். அவ்வழியில் விளக்கு தானே எரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வேலையைத் தொடங்கினோம். பிறகு ஆசை பெருகிற்று. வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் கைப்பேசியின் ஆணைக்கு உட்படுத்தினோம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் நள்ளிரவுக்குப் பின் மின்சாரம் நின்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தது. விடியற்காலையில் வீடு வந்த நாம், அன்னையார் நடைவழியில் சுவரோடு சாய்ந்து தரையில் அமர்ந்திருக்கக் கண்டோம். விளக்கு தானே எரியவில்லை. சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டும் எரியவில்லை. இருளில் வாசற்படியில் கால் இடறிக் கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. மீண்டும் விழுவோமோ என்று அஞ்சி, வெளிச்சம் வரும் வரை அங்கேயே இருந்துவிட்டார்.

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கேன்னு யாரையும் எழுப்பல, ஐயா. இந்த விளக்கு உன் பேச்சைத்தான் கேக்கும் போல, என் கை பட்டா அதுக்குத் தெரியல" என்றார்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று மருத்துவர் கூறியபின் நெஞ்சம் சற்று ஆறிற்று. ஆயினும் அன்னையார் கூறிய சொல் ஆறவில்லை. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடலாம் என்றே முதலில் தோன்றியது. ஆனால் ஒழுங்காக எரிந்த நாட்களில் அவ்விளக்கு அவருக்கு உற்ற துணையாக இருந்ததும் உண்மையே. ஆகவே குற்றம் எங்கே என்று ஆராயத் துணிந்தோம்.

கருவியும் அதன் வரலாறும்

மின்விளக்கை எட்ட இருந்தே ஆளும் முயற்சி புதிதன்று. 1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரிலிருந்த பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தார் 'எக்ஸ்-10' என்னும் முறையை வகுத்தனர். தனிக்கம்பி இழுக்காமல், வீட்டு மின்கம்பி வழியாகவே 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளை அனுப்பி விளக்குகளுக்கு ஆணையிடுவது அம்முறை. வீட்டுக்கு 16 எழுத்துக் குறிகள், கருவிக்கு 16 எண்கள், ஆக 256 முகவரிகள். அடுத்த வீட்டாரும் அதே எழுத்தை வைத்துக்கொண்டால், அவர் பொத்தானை அழுத்த இவர் வீட்டு விளக்கு எரியக்கூடும்! 2014-இல் சீனாவின் ஷாங்காய் நகரத்து எஸ்பிரசிஃப் நிறுவனம் ஈ.எஸ்.பி. 8266 என்னும் மலிவான வைஃபை சில்லை வெளியிட்டது. அதன்பின் இத்தகைய கருவிகள் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் எட்டலாயின.

இன்று சுவிட்சுப் பெட்டிக்குள் வைக்கும் கருவியில் முக்கியமானவை இரண்டு: ஆணையைக் கேட்கும் சில்லு ஒன்று, மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் விடும் ரிலே ஒன்று. இவ்விரண்டும் ஓயாது விழித்திருக்க வேண்டுமாதலின், விளக்கு அணைந்திருக்கும் போதும் கருவிக்குச் சிறிது மின்சாரம் தேவை. முதல் தொல்லை இங்கேதான் பிறக்கிறது.

பழைய முறையில் கம்பி இழுத்த வீடுகளில் சுவிட்சுப் பெட்டிக்கு பேஸ் கம்பி மட்டுமே வரும்; நியூட்ரல் கம்பி நேரே விளக்குக்குப் போய்விடும். நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் கருவிகளும் விற்கின்றன. அவை தமக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை விளக்கின் வழியாகவே இழுத்துக்கொள்கின்றன. பழைய குண்டு பல்பில் இது வெளியே தெரியாது. சில வாட் மட்டுமே உண்ணும் எல்.இ.டி. விளக்கிலோ, அணைத்த பின்னும் மங்கலாக ஒளி நிற்கும். அல்லது கண் சிமிட்டும். நம் கூடத்து விளக்கு இரவெல்லாம் இப்படி மினுக்கியது. பல்பு கெட்டது என்று கருதி இரண்டு பல்புகளை வீணாக மாற்றினோம்! நியூட்ரல் கம்பி இழுத்துக் கருவியை மாற்றுவதே இதற்குச் சரியான பரிகாரம். அது இயலாதெனில், கருவியுடன் தரப்படும் சிறு மின்தேக்கியை விளக்கின் இரு முனைகளுக்கிடையே சேர்க்கலாம். எதுவாயினும் 230 வோல்ட் ஓடும் இடத்தில் நாமே கை வைத்தல் தகாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

குறிப்பேடு காட்டிய குற்றங்கள்

ரயில் நிலையங்களில் வண்டி வரும் நேரமும் போகும் நேரமும் பதிவேட்டில் ஏறும். ஏதேனும் நேர்ந்தால் நினைவை நம்புவதில்லை, பதிவேட்டையே புரட்டுவர். அவ்வாறே நாமும் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். நாள், மணி, எந்த விளக்கு, என்ன செய்தது, மின்சாரம் இருந்ததா, வைஃபை இருந்ததா என எழுதிவந்தோம். ஒரு நாளில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்வதில்லை என்றும் உறுதி கொண்டோம். இரண்டை ஒருசேர மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பதை அறிய வழியில்லை. பத்து நாட்களில் அக்குறிப்பேடு உண்மையைச் சொல்லிவிட்டது. குற்றம் ஒன்றன்று, ஐந்து.

முதலாவது: சுவரிலிருந்த சுவிட்சு வெறும் பொம்மை. கருவிக்கு எப்போதும் மின்சாரம் கிடைக்கட்டும் என்று கம்பியை நேரே சேர்த்து, பழைய சுவிட்சைத் தொடர்பின்றி விட்டிருந்தோம். அதற்கு ஒப்பியவர்கள் நாமே. அக்கருவியிலேயே பழைய சுவிட்சைச் சேர்ப்பதற்கென்று தனி முனை இருக்கிறது. அதில் சேர்த்துவிட்டால், வைஃபை இல்லாத போதும் கையால் விளக்கைப் போடலாம், அணைக்கலாம்.

இரண்டாவது: மின்சாரம் போய்த் திரும்பினால் விளக்கு எந்நிலையில் இருக்க வேண்டும் என்று கருவியில் குறித்து வைக்கலாம். அணைந்திருத்தல், எரிந்திருத்தல், முன்பிருந்த நிலைக்கே வருதல் என மூன்று வகை உண்டு. நாம் வாங்கியதில் 'அணைந்திருத்தல்' என்று இருந்தது. நாம் அதைப் பார்க்கவேயில்லை.

மூன்றாவது: நடமாட்டத்தை அறியும் உணர்கருவி நடைவழியின் ஒரு முனையில், விளக்கு மறு முனையில். இடையே பத்தடி தூரம். ஆயினும் உணர்கருவி தரும் செய்தி ரவுட்டருக்குச் சென்று, இணையத்தின் வழியே எங்கோ உள்ள கணினியை அடைந்து, அங்கிருந்து ஆணையாகத் திரும்பி வந்தது. மின்சாரம் திரும்பியதும் விளக்கு உடனே எரியும்; ரவுட்டர் விழித்தெழவோ சில நிமிடங்கள் செல்லும். அன்னையார் நடந்தது அந்தச் சில நிமிடங்களில்தான்.

நான்காவது: ஆணைக்கு எதிராணை. இரவு 11 மணிக்கு எல்லா விளக்குகளும் அணைக என்பது முன்னர் எழுதிய விதி. ஆள் நடந்தால் நடைவழி விளக்கு எரிக என்பது பின்னர் எழுதிய விதி. சரியாக 11 மணிக்கு ஒருவர் நடந்துகொண்டிருந்தால் முதல் விதி விளக்கை அணைத்துவிடும். இரண்டும் தனித்தனியே சரியானவை, சேர்ந்தபோது பிழை. நடைவழி விளக்கை முதல் விதியிலிருந்து நீக்கினோம்.

ஐந்தாவது: உணர்கருவி அறிவது ஆளையன்று, அசையும் உடலின் வெப்பத்தை. ஒருவர் அசையாது நின்றால் அதற்கு ஆள் இல்லை. முதியவர் சுவரைப் பிடித்து மூச்சு வாங்க நின்றால், ஒரு நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். அணையும் நேரத்தை ஐந்து நிமிடமாக நீட்டினோம். குறுக்கே நடப்பவரை இக்கருவி நன்கு காணும். நேரே எதிர்வருவோரை அவ்வளவாகக் காணாது. ஆதலின் அதை வழியின் பக்கச் சுவருக்கு மாற்றினோம்.

ஊரும் நேரமும்

இவற்றோடு சிறு வேடிக்கை ஒன்றும் வெளிப்பட்டது. கதிரவன் மறையும் நேரத்தில் வாசல் விளக்கு எரிய வேண்டும் என்று குறித்திருந்தோம். அது ஆண்டு முழுதும் வெளிச்சம் இருக்கும்போதே எரிந்தது. காரணம், கருவியைப் பதிவு செய்த போது நம்மையறியாமல் ஊர் என்னுமிடத்தில் சென்னை என்று கொடுத்திருந்தோம்! இந்தியா முழுமைக்கும் கடிகாரம் ஒன்றாயினும் கதிரவன் ஒன்றுபோல் மறைவதில்லை. ஜூலைத் தொடக்கத்தில் மும்பையில் மாலை 7 மணி 20 நிமிட அளவில் கதிரவன் மறைகிறது. சென்னையிலோ அதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் முன்பே மறைந்துவிடுகிறது. நவம்பர் இறுதியில் மும்பையில் மறைவது 6 மணி அளவில். அப்போது வேற்றுமை 20 நிமிட அளவே. சான்பாடாவில் வாழ்ந்துகொண்டு சென்னைக் கதிரவனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தோம் என்று கூறி, வீட்டார் நம்மைப் பரிகசித்தனர்.

வைஃபை கருவி வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இவற்றுள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கேளா. முதலில் இணைக்கும்போது கருவி பிடிவாதம் செய்தால், கைப்பேசி எந்த அலையில் இருக்கிறது என்று பார்த்தல் நலம்.

சிக்னல் கற்பிக்கும் பாடம்

ஐந்து குற்றங்களையும் எழுதி வைத்து நோக்கியபோது, அவற்றின் அடியில் ஒரு பெருங்குற்றம் இருக்கக் கண்டோம். நாம் சிக்னல் பிரிவினர் அல்லோம். ஆயினும் ரயில்வேயில் இருப்போர் எவரும் அறிந்த விதி ஒன்றுண்டு. 1872-இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் உரிமம் பெற்ற தண்டவாள மின்சுற்றில், தண்டவாளம் வழியே எப்போதும் மின்சாரம் ஓடி ஒரு ரிலேயைத் தாங்கி நிற்கும். வண்டி வந்து நின்றால் அம்மின்சாரம் சக்கரங்களின் வழியே குறுக்கே ஓடிவிட, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் அதே சிவப்பு. பேட்டரி செத்தாலும் அதே சிவப்பு. கருவி கெடலாம், கெட்டால் ஆபத்தில்லாத பக்கமே சாய வேண்டும். இதுவே அவ்விதி.

ரயிலுக்கு ஆபத்தில்லாத பக்கம் நிற்றல். முதியவர் நடக்கும் வழிக்கு ஆபத்தில்லாத பக்கம் ஒளி. நாம் அமைத்ததோ, எது கெட்டாலும் இருளின் பக்கமே சாய்ந்தது. இது கருவி விற்றவர் குற்றமன்று. அமைத்தவராகிய நம் குற்றமே.

இப்போது நடைவழியில் உணர்கருவியை விளக்கோடு கம்பியாலேயே சேர்த்திருக்கிறோம். அதற்கு வைஃபையும் வேண்டாம், இணையமும் வேண்டாம். மின்சாரம் திரும்பினால் அவ்விளக்கு முதலில் எரிந்தே தொடங்கும். மின்சாரம் அடியோடு நின்றாலும் தன் பேட்டரியால் எரியும் சிறு அவசர விளக்கொன்றை அங்கேயே மாட்டியிருக்கிறோம். 2020 அக்டோபர் 12-ஆம் நாள் மும்பையும் நவி மும்பையும் மின்சாரமின்றித் தவித்ததை நேயர்கள் மறந்திரார். அத்தகைய நாளில் எந்தக் கைப்பேசி ஆணை பயன்படும்?

அன்பர்களுக்குச் சில சொற்கள்

சுவரிலுள்ள சுவிட்சு எந்நாளும் வேலை செய்ய வேண்டும். அதைப் பறிக்கும் அமைப்பை ஏற்காதீர். எந்த விளக்குக்கு எந்த விதி என்று தமிழில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அமைத்தவர் வேலைக்குப் போன நேரத்திலும் வீட்டார் செயலிழந்து நிற்கலாகாது. ரிலேயின் அளவை நோக்காமல் வெந்நீர்க் கருவி போன்றவற்றை விளக்குக் கருவியில் மாட்டாதீர். திங்களுக்கொரு முறை மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். ரவுட்டர் விழிக்கும் முன்பே, வீட்டில் மூத்தவர் ஒருவரை உடன் சென்று நடக்கச் சொல்லிப் பாருங்கள். அச்சோதனையில் தேறாத அமைப்பு, வேறெதில் தேறினும் பயனில்லை.

சென்ற திங்கள் நம் வீட்டில் அச்சோதனை நடந்தது. அன்னையார் நடந்தார், விளக்கு எரிந்தது. ஆயினும் அவர் நிற்காமல், சுவர் வரை சென்று சுவிட்சை அணைத்தார், மீண்டும் போட்டார், மறுபடியும் அணைத்துப் போட்டார். பிறகு, "இப்ப சரி" என்று கூறிப் போய்ப் படுத்துக்கொண்டார்.