டர்போ வண்டிக்குச் சைலன்சர் மாற்றுமுன்

"அண்ணாச்சி, சைலன்சரைப் பெருசா மாத்திட்டா டர்போ வண்டிக்கு எவ்வளவு பவர் கூடும்?" டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டார். அவர் வைத்திருப்பது ஹூண்டாய் ஐ20 என் லைன். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வண்டி, 2021-இல் சந்தைக்கு வந்தது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 120 குதிரைச் சக்தி. பின்னால் இரட்டைக் குழாயும் கொஞ்சம் கனத்த சத்தமும் கம்பெனியே கொடுத்தவை. தம்பிக்கு அது போதவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு டீ போதாது என்பதால் இன்னொன்றும் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

டர்போ வண்டியில் எரிந்த வாயு எஞ்சினைவிட்டு நேராக வெளியே போவதில்லை. போகிற வழியில் டர்பைன் என்ற சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைய கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்; முழு மிதியில் வாயுவின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தொடும்.

டர்பைனைச் சுழற்றுவது அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம். கணக்குக்காக, முன்னால் 2 பார், பின்னால் 1.3 பார் என்று வையுங்கள். விகிதம் ஏறக்குறைய 1.54. பின்னால் உள்ள குழாயைத் தாராளமாக்கி 1.1 பாருக்கு இறக்கினால், அதே விகிதம் கிடைக்க முன்னால் 1.7 பார் போதும். பின்னால் 0.2 குறைத்தோம், முன்னால் 0.3 குறைந்துவிட்டது. பிஸ்டன் அந்த அளவுக்குக் குறைவாக முட்டித் தள்ளினால் போதும். சிலிண்டரில் பழைய சூட்டு வாயு தங்குவதும் குறையும், எரிபொருள் நேரங்கெட்டு வெடிக்கும் 'நாக்கிங்' குறையும். டர்போ வண்டிக்காரர்கள் சைலன்சர் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

"எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேணும்" என்று பட்டறைகளில் சொல்வார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் குழாயின் நீளத்தையும் அகலத்தையும் சரியாக அமைத்தால், முந்தைய வாயுவின் வேகம் அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் அந்த வேகம் செத்துவிடும். அதைப் பின்னழுத்தம் தேவை என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். டர்பைனுக்குப் பின்னால் பின்னழுத்தத்தால் ஒரு நன்மையும் இல்லை.

அப்படியானால் எந்த இடத்தை மாற்றுவது? நம் தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் தேர் அன்று கூட்டம் நெரிவது கோயில் வாசலை ஒட்டிய இடத்தில்தான், நாலு தெரு தள்ளி அல்ல. இங்கேயும் அப்படித்தான். டர்பைனைவிட்டு வந்ததும் முதலில் டவுன்பைப், அதிலேயே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிறகு நடுக்குழாயும் ரெசொனேட்டரும். கடைசியில் பின் சைலன்சர். நெரிசல் பெரும்பாலும் முதல் இடத்தில். எல்லோரும் ஆசைப்பட்டு மாற்றுவதோ கடைசி இடத்தை. அங்கே சத்தம்தான் மாறும்; ஒரு லிட்டர் எஞ்சினில் சக்தி கூடியதாக உணர்வதெல்லாம் பெரும்பாலும் காது தரும் உணர்வு.

இன்னொன்றும் உண்டு. இந்தக் காலத்து வண்டியில் எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று முடிவுசெய்வது எஞ்சினின் கணினியான ஈசியு. குழாயை நீங்கள் தாராளமாக்கினால் டர்போ எளிதாகச் சுழலும். உடனே ஈசியு, வாயுவை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைத் திறந்து, பழைய அளவிலேயே நிறுத்திவிடும். ஆகவே ஈசியுவின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் செய்யாமல் டவுன்பைப் மட்டும் மாற்றினால் பலன் சொற்பம். வேஸ்ட்கேட் சிறியதாக இருந்தால் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் கட்டுமீறி ஏறும் ஆபத்தும் இருக்கிறது. 2017-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் போன்ற இரண்டு லிட்டர், 230 குதிரைச் சக்தி வண்டியில் மூன்று அங்குல டவுன்பைப்பும் நல்ல ரீமேப்பும் சேர்ந்தால் வித்தியாசம் முதுகில் தெரியும். ஐ20-க்கு இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் போவது வீண்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் போடும் பழக்கத்தை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு அது; கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மடக்குகிறது. துறைமுகத்துக்குப் போகும் லாரிப் புகையையே சுவாசித்துக்கொண்டிருக்கும் ஊர் இது. நம் பங்குக்கு நாமும் விஷம் சேர்க்க வேண்டாம். சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை; லைசென்ஸும் மூன்று மாதம் செல்லாது.

நம் ஊருக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் எழுதுவதில் இது வராது. உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஓடும் வண்டி இது. வெளியே உப்புக்காற்று, உள்ளே தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. பழைய துறைமுகத்திலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரை போய் வண்டியை அணைத்தால் சைலன்சர் முழுதாகச் சூடேறியிருக்காது. அந்தத் தண்ணீர் உள்ளேயே தேங்கி அரிக்கும். அதனால் சைலன்சரின் அடியில் இருக்கும் சிறு வடிகால் ஓட்டையை யாராவது அடைத்தால் விடாதீர்கள்.

"எஸ்.எஸ். பைப்" என்று மொட்டையாகச் சொன்னால் நம்பக் கூடாது. பல கம்பெனி சைலன்சர்கள் 409 வகை. அதில் குரோமியம் 11 சதவீதம்தான், பழுப்பேறும். 304-இல் 18 சதவீதக் குரோமியம், 8 சதவீத நிக்கல். கார்பன் குறைந்த 304எல் வெல்டிங்குக்கு இன்னும் நல்லது. சூடு குறைந்த பின்பகுதிக்கு மாலிப்டினம் கலந்த 316 கிடைத்தால் உப்பைத் தாங்குவதில் அதுவே மேல். எது என்றாலும் அரிப்பு முதலில் பிடிப்பது வெல்டிங் ஓரத்தில். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் உள்பக்கத் தையலில் கருஞ்சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காகத் தடித்து நிற்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். அங்கே குரோமியம் செத்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இளமஞ்சளாக, வழவழவென்று இருந்தால் கைத்தேர்ச்சி உள்ளவர் செய்தது.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் குழாயில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, காருக்கும் சுற்றச் சொல்கிறவர்கள் உண்டு. படகில் அது எஞ்சின் அறையின் சூட்டுக்காக. காரின் அடியில் அதே துணி உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குழாயைத் தின்னும். தகரத் தடுப்பு போதும்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: ரோட்டில் ஓட்டுகிற ஐ20-க்கு இப்போது எதையும் மாற்ற வேண்டாம். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் அதே அளவில், அதே சத்தத்தில், நல்ல 304எல் குழாயில் செய்துகொள்ளுங்கள். டவுன்பைப்பும் ரீமேப்பும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்று ஒரு வண்டியை ஒதுக்கி டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோங்கள். எதைச் செய்தாலும், குழாயை வண்டியில் ஏற்றுமுன் வெல்டிங்கின் உள்பக்கத்தை டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.