பழைய ஜேசிபி வாங்கும் முன் எஞ்சின் சூட்டைப் பாருங்கள்

 

வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்களில் சிலர் பழைய ஜேசிபி வாங்கி வாடகைக்கு விடும் தொழிலை நினைக்கிறார்கள். அஸ்திவாரம் தோண்ட, வாய்க்கால் தூர்வார, மண் நிரவ என்று வேலை இருக்கிறது. கார், பிசானப் பருவங்களை நம்பிப் பழைய நெல் அறுவடை மிஷின் வாங்குவோரும் உண்டு.

இதில் போடுவது பெரும்பாலும் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு. சில வீடுகளில் பெண்களின் நகையும் அதில் சேர்கிறது. வாங்கிய சில வாரங்களிலேயே எஞ்சின் சூடாகி நின்றுவிட்டால் ஒரு பக்கம் வருமானம் நிற்கும், மறுபக்கம் பழுதுச் செலவு வரும். கடைசியில் வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வரும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கிச் சரியாகப் பார்த்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

சூடு ஒரு அறிகுறி

காய்ச்சல் எப்படியோ அப்படித்தான் எஞ்சின் சூடும். காரணம் நூறு ரூபாய் சாமானாகவும் இருக்கலாம், எஞ்சினையே பிரிக்க வேண்டிய கோளாறாகவும் இருக்கலாம்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே ஃபேன் காற்று அதை ஆற்றுகிறது. வாட்டர் பம்ப் அதைச் சுற்ற வைக்கிறது. ஏறத்தாழ 80 டிகிரியைத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறந்து வழிவிடுகிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தை நிறுத்தி வைப்பதால் 100 டிகிரியைத் தாண்டினாலும் உடனே கொதிப்பதில்லை. சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிப்பதும் இதனால்தான். எஞ்சின் முழுவதும் ஆறாமல் மூடியில் கை வைக்காதீர்கள்.

காலையில் போங்கள்

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய்ப் பாருங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

1. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நிறமுள்ள கூலண்ட் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் இருந்தால், எங்கோ கசிகிறது, தினமும் ஊற்றி ஓட்டுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். துருச்சேறு, எண்ணெய்ப் படலம் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

2. ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

3. மூடி திறந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் மட்டும் பாருங்கள். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். சூடேறும் முன் மூடிவிடுங்கள்.

4. எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்தோ, வழவழப்பாகப் பளபளத்தோ இருந்தால் அது வழுக்கும்.

5. ரேடியேட்டருக்கு முன்னால் ஹைட்ராலிக் ஆயில் கூலர் இருக்கும், ஏ.சி. வண்டியில் கண்டன்சரும் இருக்கும். இவற்றின் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கசிவில் புழுதி ஒட்டி அடைத்திருப்பது சாதாரணம். அறுவடை மிஷினில் வைக்கோல் தூசி இதே வேலையைச் செய்யும்.

மதியம் வேலை வாங்குங்கள்

சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மண் தோண்ட விடுங்கள். டீசல் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டறைகளில் பயன்படுத்தும் டெம்பரேச்சர் கன் ஒன்று கையில் இருக்கட்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டுமே ஆனது.

சும்மா ஓடும்போதே சீக்கிரம் சூடானால்: கூலண்ட் குறைவு, தெர்மோஸ்டாட் திறக்காமை, வாட்டர் பம்ப் கோளாறு அல்லது ஹெட் கேஸ்கெட். எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மேல் ஹோஸ் சூடேறாமல் இருந்தால் முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள்.

பக்கெட் மண்ணில் இறங்கும்போது மட்டும் சூடானால்: ரேடியேட்டர் அடைப்பு அல்லது பெல்ட் வழுக்கல். ரேடியேட்டரில் சில இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே உள்குழாய்கள் அடைத்துள்ளன.

மீட்டர் சிவப்பைத் தொட்டும் கன் சரியான சூட்டைக் காட்டினால்: பெரும்பாலும் சென்சார் அல்லது வயர் கோளாறு. இது சிறிய செலவு.

வெளியே கசிவே இல்லாமல் கூலண்ட் குறைந்து, சைலன்சரில் வெண்புகை வந்தால்: கூலண்ட் எஞ்சினுக்குள் போகிறது. இது பெரிய செலவு.

மூடி, பெல்ட், தெர்மோஸ்டாட் என்றால் விலையில் குறைத்துப் பேசி வாங்கலாம். ஹெட்டில் பிரச்சினை என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

மறைக்கும் வழிகள்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சிறிது நேர ஓட்டத்தில் சூடு தெரியாது. வெகுநேரம் ஓடியும் முள் மேலே ஏறவில்லை என்றால் காரணம் கேளுங்கள். சென்சார் வயரைப் பிடுங்கி வைப்பதும் உண்டு, அப்போது முள் அசையவே அசையாது. எஞ்சினைப் புதிதாகக் கழுவியிருந்தால், வேலை முடிந்தபின் கசிவை மறுபடி தேடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. ஆகவே, வண்டி அப்போது எங்கே நின்றது என்று கேளுங்கள். இருக்கைக்கு அடியிலும், வயர் கட்டுகளிலும், கூலர் இடுக்கிலும் காய்ந்த வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய பிறகு

தாமிரபரணித் தண்ணீர் குடிக்க நல்லதுதான். ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். கம்பெனி சொல்லும் கூலண்டையே, சொன்ன அளவில் ஊற்றுங்கள். ரேடியேட்டரை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அறுவடை நாட்களில் இதை ஒரு நாளில் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

வேலையில் முள் ஏறினால் தோண்டுவதை நிறுத்தி, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். கூலண்ட் கொட்டிவிட்டால் உடனே அணையுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் வெடித்துவிடும். இதை ஆப்பரேட்டரிடமும் சொல்லி வையுங்கள். முள் ஏறியதும் வேலையை நிறுத்தினார் என்பதற்காக அவரைத் திட்டாதீர்கள்.

விற்பவருக்கும் ஒரு சொல்

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதை நாம் அறிவோம். கழற்றி வைத்த தெர்மோஸ்டாட்டும் அந்த ஈரம் போன்றதுதான். குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம், கிடைத்த பணத்தில் பரக்கத் இருக்கும்.