சீத்தைத் துணியும் வாண்டில் ஆறும்

‘மோர்டனில் என்ன கிடக்கிறது?’ என்று எம்மவர் கேட்பதுண்டு. நோர்தேர்ண் லைன் முடிகிற இடம், பஸ் மாறுகிற இடம், மரக்கறியும் மீனும் வாங்குகிற இடம். வரலாறு பார்க்க வேண்டுமென்றால் ஊரிலிருந்து வந்த உறவினர்களை ரவர் பிரிட்ஜுக்குக் கூட்டிச்செல்வோம். இந்த எண்ணத்தில் பாதி நியாயம் உண்டு. 1926இல் ரயில் நிலையம் திறக்கப்படும் வரை மோர்டன் ஒரு சிறு கிராமம்தான். வீடுகளெல்லாம் அதன் பிறகு முளைத்தவை. ஆனால் மற்றப் பாதியை அறிய நடக்க வேண்டும். நான் சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறேன்.

கார்த் றோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மெத்தையும் உடைந்த அலுமாரியும் கொண்டுபோய்ப் போடுகிற கழிவு நிலையம் இருக்கும் வீதி என்பதால் எம்மவர் பலருக்கும் அதைத் தெரியும். கார்த் என்பது 1553 முதல் முந்நூறு வருடங்களுக்கு மேல் மோர்டனின் நிலப்பிரபுக்களாக இருந்த குடும்பம். அக்குடும்பத்தின் சேர் றிச்சார்ட் கார்த் 1875 முதல் 1886 வரை கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர். நாங்கள் இங்கே வருவதற்கு நூறு வருடங்களுக்கு முன்னரே மோர்டன் அங்கே போயிருக்கிறது. ‘ஏன் இங்கே வந்தீர்கள்?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்லக்கூடிய பதில்களில் இதுவும் ஒன்று.

நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் மோர்டன் ஹோல் பூங்கா. உள்ளே வாண்டில் ஆறு ஓடுகிறது. ஆற்றோடு வடக்கே நடந்தால் கொலியர்ஸ் வூட்டில் ஒரு பெரிய சுப்பர் மார்க்கற் வரும். அந்த நிலத்தில்தான் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மேர்ட்டன் மடாலயம் இருந்தது. 1236இல் ஆங்கிலேயப் பிரபுக்கள் இங்கே கூடி இயற்றிய சட்டம், பொது மேய்ச்சல் நிலத்தை நிலவுடைமையாளர் அடைத்துக்கொள்ள வழிசெய்தது. 1538இல் எட்டாம் ஹென்றி மடாலயத்தை மூடி இடித்து, கற்களை வண்டியேற்றி நொன்சச் அரண்மனைக்கு அத்திவாரமிட்டான். நல்லூர்க் கோயிலை 1621இல் இடித்துக் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோன போர்த்துக்கேயரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த எமக்கு இந்தக் கதை புதிதல்ல. மடாலயத்துச் சபை மண்டபத்தின் அத்திவாரம் இன்றும் பிரதான வீதியொன்றின் அடியில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மேலே லொறிகள் போகின்றன.

ஆனால் என்னை நிற்க வைத்தது மடாலயமல்ல, ஆறுதான். வாண்டிலைப் பார்த்தால் நம்மூர் வாய்க்காலைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். ஆயினும் வேகமாக ஓடுவதால் அதன் கரையில் ஆலைகள் நெருக்கமாக இருந்தன. மோர்டன் ஹோலில் 1922 வரை மூக்குப்பொடி அரைத்தார்கள். அதற்கும் முன்னர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, பூங்காவை அடுத்த ரேவன்ஸ்பரி உட்படப் பல இடங்களில் நடந்த தொழில் துணி வெளுத்தலும் சீத்தை அச்சிடுதலும். ஆற்றோரப் புல்வெளிகளில் துணியை விரித்து, வாய்க்கால் தண்ணீரைத் தெளித்து வெயிலில் வெளுத்தார்கள்.

சீத்தை எங்கிருந்து வந்தது? மசூலிப்பட்டினம் முதல் நாகபட்டினம் வரையான சோழமண்டலக் கரையிலிருந்து. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், படிகாரம் சேர்த்துக் கையால் வரைந்து, சாயவேரில் கொதிக்கவைத்து எடுத்த சிவப்பு எத்தனை முறை தோய்த்தாலும் போகாது. ஐரோப்பியருக்கு அந்த வித்தை தெரியாது. 1742இல் கேர்டூ என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்து முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார். இன்றென்றால் இதைத் தொழில் இரகசியத் திருட்டு என்பார்கள்.

இங்கிலாந்து சந்தையையும் பூட்டியது. 1700இல் அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியைத் தடைசெய்தார்கள். வெள்ளைத் துணி வரலாம். ஆகவே அதை இறக்கி லண்டனைச் சுற்றி அச்சிட்டார்கள். வாண்டில் கரை செழித்தது இப்படித்தான். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியில் பெரும்பாலானவற்றை உடுப்பதையே தடைசெய்தார்கள். 1774இல்தான், உள்ளூரிலேயே நெய்த பருத்தித் துணிக்காக, அது தளர்ந்தது.

இங்கேதான் எமது கதையும் சேர்கிறது. வாண்டில் கரைத் தொழிலில் ஈடுபட்டவர்களுள் ஹியூகனோக்கள் எனப்படும் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகளும் இருந்தனர். 1685இல் பதினான்காம் லூயி அவர்களது வழிபாட்டு உரிமையைப் பறித்தபின் பல்லாயிரக்கணக்கில் கடல் கடந்தவர்கள். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவர்களோடுதான் அம்மொழிக்குள் பரவியது. அவர்களில் இன்னொரு பகுதியினர் கிழக்கு லண்டன் ஸ்பிற்றல்பீல்ட்ஸில் பட்டு நெய்தார்கள். 1719இல் அங்கிருந்த நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீத்தை உடுத்திய பெண்களின் சட்டைகளைக் கிழித்தார்கள். மையும் திராவகமும் வீசினார்கள். வேலையை இந்தியத் துணி தின்றுவிட்டது என்பது அவர்களது முறைப்பாடு. பட்டினி உண்மையானதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் அகதிகளின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். தகப்பன் படகில் வந்து முப்பத்துச் சொச்ச வருடங்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கள்ளப் பாஸ்போட்டிலும் லொறியிலும் வந்து சேர்ந்தவர்கள், இப்போது வீடும் கடையும் உள்ளவர்கள், கால்வாயைப் படகில் கடந்து வருகிறவர்களைப் பற்றிப் பேசுவதைக் கொண்டாட்ட வீடுகளில் கேட்கிறேன். ‘நாங்கள் வேறை, இவங்கள் வேறை’ என்கிறார்கள். என்ன வேறு என்று கேட்டால் பதில் இல்லை. அந்தச் சட்டை கிழித்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும்.

அதே வேளை, சீத்தையை வைத்து எமது பழம்பெருமை பாடவும் என்னால் முடியவில்லை. சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் விளைந்தது. ஒல்லாந்தருக்கு அது வருமானம். ஆனால் மணலைக் கிண்டி அந்த வேரை எடுப்பது குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாக இருந்தது. கொம்பனியின் கணக்குப் புத்தகத்தில் வேரின் நிறை இருக்கும். கிண்டிய கைகள் யாருடையவை என்று இராது.

1881இல் வில்லியம் மொரிஸ் தனது அச்சுத் தொழிற்சாலையை மேர்ட்டனில் வாண்டில் கரைக்குக் கொண்டுவந்தார். சோசலிசவாதி, இரசாயனச் சாயங்களை வெறுத்து மஞ்சிட்டிக்கும் அவுரிக்கும் திரும்பியவர். தனது துணிக் கோலமொன்றுக்கு வாண்டில் என்றே பெயரிட்டார். அக்காலத்தில் பிரித்தானியாவுக்கு வந்த அவுரியில் பெரும்பகுதி வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்தது. அவுரி பயிரிட நிர்ப்பந்திக்கப்பட்ட வங்காள விவசாயிகள் 1859இல் கிளர்ந்தெழுந்திருந்தார்கள்.

மொரிஸின் துணிகளைச் சவுத் கென்சிங்ரனில் உள்ள விக்ரோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சோழமண்டலக் கரைச் சீத்தைகளும் அங்கே இருக்கின்றன. வரைந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. மோர்டனிலிருந்து ரியூபில் போகலாம், இடையில் ரயில் மாற வேண்டும். நிரந்தரக் காட்சிகளுக்கு அனுமதி இலவசம்.