குங்குமப்பூவின் புதுமையும் பழமையும்

குங்குமம் என்னும் சொல் இன்று நம்மவர் வழக்கில் நெற்றியிலிடும் செந்நிறப் பொடியையே குறிக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு முதலிய காரப்பொருளைச் சேர்த்து ஆக்கப்படுவது அது. ஆயின் வடமொழியிற் குங்குமம் என்பது முதற்கண் ஒரு பூவின் உறுப்பிற்கே பெயராயிருந்தது. காச்மீர நாட்டிற் பிறப்பது பற்றிக் காச்மீரசன்மம் எனவும் நிகண்டுகாரர் அதனை வழங்குவர். அரும்பொருளின் பெயரை எளிதிற் கிடைக்கும் பொருள் ஏற்றுக்கொண்டமையால், மூலப்பொருளைச் சுட்டுதற்குப் 'பூ' என்னும் சொல்லை நாம் பின்னே சேர்க்க வேண்டியதாயிற்று.

பெயரளவில் நேர்ந்த இம்மாற்றம் கடைத்தெருவிற் பொருளளவிலும் நேர்வதுண்டு. மஞ்சளும் சாயமேற்றிய நாரும் குங்குமப்பூவென விலைபோகின்றன. அவற்றைக் கண்டறியும் வழிகளைப் பலரும் பேசுவர். மெய்யான குங்குமப்பூவே குணமிழந்து கிடத்தலைப் பற்றிப் பேசுவாரோ மிகச் சிலர். கலப்படம் சிறிதுமற்ற பூவும் கவனிப்பாரின்றிச் சில ஆண்டு கிடப்பின் வெறுஞ் சருகுக்கு அண்மையதாகிவிடும். அதனை எவ்வாறு காப்பது, அது தளர்ந்துவிட்டதை எவ்வாறு அறிவது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

இச்செடியைத் தாவர நூலார் குரோக்கசு சற்றைவசு என்பர். இது விதை தருவதில்லை. தண்டுக்கிழங்கினாலேயே இனம் பெருகும். ஈரானிற் குராசான் பகுதியும், காச்மீரத்திற் பாம்பூரும், இசுப்பெயினில் இலா மாஞ்சாவும், கிரேக்க நாட்டிற் கொசானியும் இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். உலகில் விளைவதிற் பெரும்பகுதி ஈரானுக்கே உரியது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஊதாநிறப் பூக்கள் மலரும். ஒவ்வொரு பூவின் நடுவிலும் சூலகத்தினின்று எழும் மெல்லிய தண்டு மூன்று செந்நிறக் குறிகளாகப் பிரியும். அக்குறிகளை உலர்த்திய இழைகளே குங்குமப்பூ. வெயில் ஏறுமுன் பூக்களைக் கொய்து, அன்றே இழைகளைக் கையாற் பிரிக்க வேண்டும். ஒரு கிலோகிராம் உலர்ந்த இழைக்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டப்படும். அதன் விலைக்குக் காரணம் இதுவே.

பறித்த இழையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அப்பொழுது அதற்கு நாம் அறிந்த மணம் இல்லை என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். இழையிலுள்ள பொருள்களுள் மூன்று சிறப்பாகக் கருதத்தக்கன. நிறம் தருவது குரோசின். கைப்புத் தருவது பிக்குரோகுரோசின். மணம் தருவது சபிரனால். இவற்றுட் சபிரனால், உலர்த்தும்போது வெப்பத்தாலும் நொதியங்களாலும் பிக்குரோகுரோசின் சிதைவதாற் பிறப்பது. எனவே கைப்பு மணத்திற்குத் தாயாகும். இலா மாஞ்சாவில் இழைகளைச் சல்லடையிற் பரப்பி நெருப்பணலின்மேல் விரைவில் வாட்டுவர். காச்மீரத்திற் பழைய முறைப்படி வெயிலிற் பல நாள் உலர்த்துவர். மெல்ல உலரும் இழையில் நொதியங்கள் குரோசினைச் சிதைப்பதற்குக் காலம் கிடைக்கின்றது. ஆகவே ஒரு பூவின் ஆயுள் ஓரளவிற்கு நம் கைக்கு வருமுன்னரே உறுதிப்பட்டுவிடுகின்றது.

இனி, இம்மூன்றும் ஒரே வேகத்தில் அழிவனவல்ல. இதனை உணராமையே புதுமை பற்றிய மயக்கங்களுக்கெல்லாம் காரணம். குரோசின் கரட்டுக்கு நிறந்தரும் பொருளின் இனத்தது. ஆயினும் சருக்கரை மூலக்கூறுகளோடு பிணைந்திருத்தலால் நீரிற் கரைவது. அதன் மூலக்கூறிலுள்ள இரட்டைப் பிணைப்புத் தொடரே நிறத்திற்கு ஏது. ஒளியும் ஒட்சிசனும் அத்தொடரைத் தாக்கும்; ஈரமும் வெப்பமும் சிதைவை விரைவுபடுத்தும். எனவே நிறம் முதல் நாள் தொட்டே குறைந்துகொண்டு வரும். மணத்தின் வரலாறோ வேறு. கைப்புப் பொருள் சிதையச் சிதைய மணப்பொருள் பிறத்தலால், சேமித்த தொடக்க மாதங்களில் மணம் கூடுவதும் உண்டு. பின்னர், சபிரனால் எளிதில் ஆவியாவதாகலின், மூடி தளர்ந்த கலத்தினின்று அது வெளியேறிவிடும். நன்கு அடைத்த கலத்திலோ நிறம் பாதி போன பின்னும் மூடியைத் திறந்தவுடன் மணம் மூக்கைத் துளைக்கும். மணத்தை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

அனைத்துலக நியம அமைப்பின் 3632 என்னும் எண்ணுடைய நியமமும் நிறத்திற்கே முதன்மை தருகின்றது. பொடித்த பூவை நீரிற் கரைத்து, 440 நனோமீற்றர் அலைநீள ஒளியை அக்கரைசல் எவ்வளவு உறிஞ்சுகின்றது என்று அளப்பர். அளவு 200க்குக் குறையாதது முதல் வகுப்பு. 170 வரை இரண்டாவது. 120 வரை மூன்றாவது. கைப்பை 257 நனோமீற்றரிலும் மணத்தை 330 நனோமீற்றரிலும் அளப்பர். எனினும் மணத்திற்குரிய அளவை அத்துணை நம்பத்தக்கதன்று. குரோசினின் ஒரு வடிவமும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒளியை உறிஞ்சுதலின் இரண்டும் கலந்து தோன்றும். கருவிக்கே இவ்விடர்ப்பாடெனின் மூக்கைக் குறைகூறி என்ன பயன்?

கருவியில்லாத காலத்தும் மக்கள் இதனைச் சோதித்தே வாங்கினர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமரான பிளினி, குங்குமப்பூவைப் போற் கலப்படத்துக்குள்ளாவது பிறிதில்லை என்று எழுதினார். கையை வைத்து அழுத்தும்போது நொறுங்கும் ஒலி கேட்பின் அது நல்லதென்பதும், ஈரங்கொண்டது ஒலியின்றி அமுங்கும் என்பதும், தொட்ட கையை முகத்தருகே கொணரின் கண்ணும் முகமும் சிறிது எரியும் என்பதும் அவர் கூறிய அடையாளங்கள். முதலாவது ஈரத்தைச் சோதிப்பது. இரண்டாவது ஆவியாகும் பொருளைச் சோதிப்பது. இரண்டாயிரம் ஆண்டுக்கு அண்மையாகியும் இவை பயனற்றுப் போகவில்லை. ஆனால் நிறத்தைப் பற்றிய சோதனை இவற்றில் இல்லை என்பது கருதத்தக்கது.

வீட்டிற் செய்யக்கூடியது யாதெனின், முதலிற் கண்ணாலும் விரலாலும் நோக்குதல். நல்ல இழை கருஞ்சிவப்பாய், ஒரு நுனி எக்காளம் போல் விரிந்து, வளைத்தால் ஒடியும். பழுத்த இழை செம்மை மங்கிக் கபில நிறமடையும். ஈரமேறியது ஒடியாது துவளும். மிக உலர்ந்தது தொட்டவுடன் தூளாகும். அடுத்து, எண்ணிப் பத்து இழைகளை ஒரு சிறு கண்ணாடிக் குவளை இளஞ்சூட்டு நீரில் இடுக. நிறம் மெல்ல மெல்ல இறங்கிக் கால்மணி நேரத்தில் நீர் பொன்னிறமாக வேண்டும். இழையோ சிவப்பாகவே நிற்க வேண்டும். இட்ட கணத்திலேயே நீர் சிவந்து இழை வெளிறுமாயின் அது சாயம். நெடுநேரம் சென்றும் வெளிர்மஞ்சளுக்கு மேற்படாதாயின் அது மெய்ப்பூவே. ஆயின் முதுமை எய்தியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாது 'போலி' என்று கடைக்காரரோடு பூசலிடுவோர் உளர். பின்னர் அந்நீரை நாவிலிட்டுப் பார்க்க. கைப்புத் தெளிவாக இருத்தல் வேண்டும். இனிப்பின், எடை கூட்டுதற்குத் தேனோ சருக்கரைப் பாகோ பூசப்பட்டதென்று ஐயுறலாம்.

இச்சோதனையின் குறை ஒன்றுண்டு. சென்ற ஆண்டு கண்ட பொன்னிறத்தை இவ்வாண்டு நினைவிலிருந்து மீட்டல் ஒருவர்க்கும் இயலாது. ஆதலின் பூவை வாங்கிய அன்றே ஒருமுறை சோதித்து, எத்தனை இழை, எவ்வளவு நீர், எத்தனை நிமிடத்தில் எந்நிறம் என்பவற்றைக் கலத்தின்மேல் ஒட்டிய தாளிற் குறித்து வைத்தல் நன்று. ஆண்டுதோறும் அதே குவளையிற் செய்து ஒப்பிட்டால் தளர்ச்சி வெளிப்படும்.

இரசாயன மாணவர் ஒருவர், செறிந்த சல்பூரிக்கமிலத் துளி பட்டால் மெய்யான இழை நீலமாகிப் பின் ஊதாவாகுமே, அது போதாதோ என்று வினவலாம். அது இழை மெய்யென்பதற்குச் சான்று; புதியதென்பதற்கு அன்று. எஞ்சிய சிறிதளவு குரோசினும் அந்நீலத்தைக் காட்டும். அவ்வாறே பொடியிற் காரத்தைச் சேர்த்தாற் சிவக்குமாயின் மஞ்சள் கலந்துள்ளதென அறியலாம். நெற்றிக் குங்குமத்தைச் சிவக்கச் செய்யும் அதே மாற்றந்தான் இங்குக் கள்வனைக் காட்டிக் கொடுக்கின்றது.

காக்கும் முறை மேற்கூறிய காரணங்களிலிருந்தே பெறப்படும். ஒளிபுகாத தகரச் சிமிழோ, கருங்கண்ணாடிக் குப்பியோ, காற்றுப் புகாத மூடியோடு வேண்டும். கடையில் விளக்கின் கீழே தெளிந்த பெட்டிகளில் அழகுற அடுக்கி வைத்திருப்பவை ஒளியால் நாடோறும் தேய்வன. அவற்றைத் தவிர்த்து உள்ளறையிலுள்ளதைக் கேட்டு வாங்குக. அடுப்பின்மேற் பலகை ஆகாது. நம் நாட்டின் ஈரக்காற்றில் மூடியை அடிக்கடி திறத்தலே பெரும்பகை. ஆதலின் ஒரு கிராம், இரண்டு கிராமாக வாங்குதலே தக்கது. மிகுதியாக வாங்க நேரின் சிறு சிமிழ்களாகப் பிரித்து, ஒன்றை மட்டும் திறந்து பயன்படுத்துக. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா எனின், அடைத்தபடியே வைத்தற்குத் தடையில்லை. ஆனால் வெளியே எடுத்தவுடன் திறப்பின் குளிர்ந்த இழையின்மேல் காற்றின் ஈரம் நீராய்ப் படியும். அறையின் சூட்டை அடையும் வரை பொறுத்துத் திறத்தல் வேண்டும். பொடியாக வாங்குதல் எவ்வகையானும் தகாது. பரப்பு மிகுதலால் அது விரைவிற் கெடுவதோடு கலப்படத்துக்கும் இடந்தரும். வேண்டும்போது வேண்டுமளவே இடித்துக் கொள்க.

இவ்வாறு காத்த இழை இரண்டாண்டு நற்குணத்தோடிருக்கும். அதன்பின் நஞ்சாகிவிடுவதில்லை, வலிமை மட்டும் குறையும். சந்தனத்தோடு அரைத்துப் பூசைக்குக் கொள்வோர் நிறம் போதாமையை முதலிற் காண்பர். பழைய இழையை நெடுநேரம் வெந்நீரில் ஊறவைத்தால் எஞ்சிய நிறம் இறங்கும். பூஞ்சணம் பிடித்ததையோ புழுங்கல் வாடை வீசுவதையோ எறிந்துவிட வேண்டும், ஊறவைத்துத் திருத்தலாகாது.

ஓர் எச்சரிக்கையும் ஈண்டுக் கூறவேண்டியுள்ளது. கருவுற்ற மகளிர் குங்குமப்பூக் கலந்த பாலைப் பருகின் பிள்ளை சிவந்த நிறத்தோடு பிறக்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. பிள்ளையின் நிறம் பெற்றோர் வழி வருவது. பூவிற்கு அதிற் பங்கில்லை. இந்நம்பிக்கையால் வீட்டிற் கிடந்த பழைய பூவைப் பாலிலிட்டு, நிறம் வரவில்லையே என்று மேலும் மேலும் அள்ளியிடுவாரைக் காண்கின்றோம். சில இழைகள் உணவிற் சேர்வதாற் கேடில்லை. அளவு மிகின் அது கருவுக்குத் தீங்காகும். பாலின் நிறம் அளவுக்கு அளவுகோலாகாது. பழைய பூவில் நிறம் குன்றியிருப்பினும் ஏனைய பொருள்கள் அதே விகிதத்திற் குன்றியிருக்குமென்று கொள்ளுதற்கு இடமில்லை.