பள்ளிக்கூடம் இல்லாமல் பிழைத்த எழுத்து

மேற்கு லைபீரியாவிலும் அதையொட்டிய சியரா லியோனிலும் வழங்கும் சிறுபான்மை மொழி, வை. 1830களில் மொமொலு துவாலு புகேலே அதற்கு ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஆங்கிலம், குர்ஆன் ஓத அரபு என இரண்டு வலிய எழுத்துகள் இருபுறமும் நெருக்கியும் அது அழியவில்லை. அதைக் காத்தது அன்றாடத் தேவை என்பதே என் முடிவு.

1970களில் வை மக்களிடையே ஆய்வு செய்த சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் 1981இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த எழுத்து தெரிந்திருந்தது; ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. நண்பரோ உறவினரோ ஓய்வு நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். கடிதம், வியாபாரக் கணக்கு, இறப்பு வீட்டுக்கு யார் என்ன கொடுத்தார் என்ற பட்டியல் ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. பட்டமோ வேலையோ தராத ஒன்றை மக்கள் இப்படித் தேடிக் கற்றார்கள் என்றால், அது அவர்களுக்கு உண்மையிலேயே உதவியிருக்கிறது.

இருநூறுக்கு மேற்பட்ட குறிகளைக் கற்பதைவிட ரோமன் எழுத்து எளிதல்லவா என்று கேட்கலாம். வை மொழியின் அசைகள் பெரும்பாலும் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்தவை; அசைக்கு ஒரு குறி இருப்பதால், குறிகள் பழகியதும் பேசுவதை அசை அசையாக எழுதலாம். பழைய கையெழுத்துகளை ஒப்பிட்ட ஆய்வு, குறிகளின் வடிவம் தலைமுறைதோறும் எளிமையாகி வந்ததைக் காட்டுகிறது. எழுதிய கைகளே அவற்றைச் செதுக்கியிருக்கின்றன.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1970களில் இந்த எழுத்தை அறிந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்களே. தனிப்பட்ட பழக்கத்தில் கைமாறும் அறிவு, அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களைச் சேர்வதில்லை. ஆகவே பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பள்ளி வழியாக இது கிடைக்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் எழுத்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். 2008இல் யூனிகோடில் வை இடம்பெற்றது பெரிய வெற்றி; அது பயன் தர, ஒவ்வொரு கைப்பேசியிலும் எழுத்துருவும் விசைப்பலகையும் வேண்டும். கடிதம் செய்த வேலையை இன்று குறுஞ்செய்தி செய்கிறது. அங்கே வை எழுத்துக்கு இடம் கிடைக்காவிட்டால், இளைஞர்கள் தம் மொழியையே ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யப் பழகிவிடுவார்கள். கற்பிப்பதும் பயன்பட வழிசெய்வதும் ஒன்றாக நடக்க வேண்டும்.