திருப்பிக் கொடுத்தவளுக்கு ஏன் திட்டு விழுந்தது?

 

போன மாதம் நம் நூலகத்தில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அழுதுகொண்டு நின்றாள். "நான் நேத்தே குடுத்துட்டேன் டீச்சர்" என்று சொன்னாள். கம்ப்யூட்டரோ "தரவில்லை" என்று காட்டியது. எல்லாரும் கம்ப்யூட்டரைத்தான் நம்பினார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் புத்தகம் அலமாரியிலேயே இருந்தது! தப்பு அவள் மேல் இல்லை. நூலக நோட்டுக்குப் பதிலாக நான் பைத்தான் மொழியில் எழுதிய நிரலில்தான் தப்பு. அது என்ன தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தரவுத்தளம் என்றால் என்ன?

விவரங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைக்கும் இடம்தான் தரவுத்தளம். நான் எடுத்துக்கொண்டது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு வேலையில் இருந்தபோது 2000-ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். இதற்குத் தனியாக சர்வர் வேண்டாம். எல்லா விவரமும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். காசும் கிடையாது. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயும் இதுதான் இருக்கிறது.

உறை நூலகம் எதற்கு?

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரைப் பார்த்திருப்பீர்கள். பாட்டி தன் குறையை வாயால் சொல்வார். அவர் அதை முறைப்படி எழுதித் தருவார். அதே வேலையைத்தான் உறை நூலகம் செய்கிறது. எஸ்க்யூலைட் எழுதப்பட்டது சி மொழியில். பைத்தானில் இருந்து அதனிடம் பேச 'எஸ்க்யூலைட்3' என்ற உறை இருக்கிறது. 2006-இல் வந்த பைத்தான் 2.5 முதல் இது பைத்தானோடு சேர்ந்தே வருகிறது.

என் தப்பு

இந்த உறையில் ஒரு பதிவை மாற்றினால் அது முதலில் பென்சிலில் எழுதியது மாதிரி. 'கமிட்' என்று கட்டளை கொடுத்தால்தான் பேனாவால் எழுதியது மாதிரி நிலைக்கும். புத்தகம் எடுக்கும் இடத்தில் நான் கமிட் எழுதினேன். திருப்பித் தரும் இடத்தில் மறந்துவிட்டேன். திரையில் மட்டும் சரியாகவே தெரிந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அடுத்து யாராவது புத்தகம் எடுத்தால் அந்தக் கமிட் முந்தின பதிவையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும். அன்று அந்தத் தங்கைதான் கடைசி. மணி அடித்தது, கம்ப்யூட்டரை நிறுத்தினோம், அவள் பதிவு அழிந்தது.

எப்படிச் சரிசெய்தேன்?

அந்த உறைக்கு மேலே நானே இன்னொரு குட்டி உறை செய்தேன். அதில் மூன்றே வேலைகள்: எடு, திருப்பு, யாரிடம். (பைத்தான் 3-இல் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம்!) பதிவை மாற்றும் கட்டளை எல்லாம் உறைக்குள் ஒரே வழியாகத்தான் போகும். கமிட் அந்த வழியில் இருப்பதால் இனி மறக்கவே முடியாது.

இன்னொரு சிக்கலும் தீர்ந்தது. 'கலிவர்'ஸ் டிராவல்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் நடுவில் மேற்கோள் குறி வரும் அல்லவா? பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்து எஸ்க்யூலைட் பிழை காட்டும். இப்போது பெயர் வரும் இடத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்து, பெயரைத் தனியாக அனுப்புகிறேன். நம் பரீட்சையில் வரும் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' மாதிரிதான்!

பிறகு திரையை வடிவமைத்த என் தோழியின் நிரலோடு இதை இணைத்தோம். அவள் 'திருப்பு' என்று கூப்பிட்டால் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் கவலைப்பட வேண்டாம். இணைத்ததும் ஒரு சோதனை செய்தோம். ஒரு புத்தகத்தைத் திருப்பியதாகப் பதிந்து, கம்ப்யூட்டரை நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தோம். பதிவு அப்படியே இருந்தது!

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். ஏட்டில் இருப்பதெல்லாம் உண்மையும் ஆகாது. அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனிமேல் கம்ப்யூட்டர் ஒன்று சொல்லி, ஒரு பிள்ளை வேறு சொன்னால், முதலில் அலமாரியைப் போய்ப் பார்ப்போமா?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு