நிழலில் ஒரு காலம் – 17: இருட்டடிப்பு ஊரில் ஒரு துப்பாக்கி

சரித்திரப் படங்களின் ஜவுளியைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் துப்பாக்கி. புடவைக்கும் நகைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் நம் படங்களில் காட்டப்படும் அக்கறை துப்பாக்கிக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அதைச் சொல்ல ‘அந்த நாள்’ படத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

1954 ஏப்ரல் 13-ஆம் தேதி வெளியான படம். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் ஒரு வெடிச் சத்தத்தோடு சாய்கிறார். அது சிவாஜி கணேசன்! கதாநாயகனை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்டு, அந்தக் குண்டு யார் கையிலிருந்து போனது என்ற கேள்வி ஒன்றை வைத்தே முழுப் படத்தையும் நடத்துகிறார்கள். பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டைக் காட்சியும் கிடையாது. ஏவி.எம். தயாரிப்பு. வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாக வருகிறார்.

இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்றால் சட்டென்று புரியும். மயிலாப்பூர்க்காரர். அங்கே ‘நடுத் தெரு’ என்ற தெருவில் வாழ்ந்த ஓவியரும் சங்கீத வித்வானுமான எஸ். ராஜத்தின் தம்பி. பயத்தைத் தனிக் கலையாகவே பயின்றவர் தமிழ்ப் படவுலகில் இவர்தான் என்பேன். ‘பொம்மை’யில் (1964) விளையாட்டுப் பொம்மைக்குள் வெடிகுண்டை வைத்தார். ‘நடு இரவில்’ (1970) படத்தில் ஒரு வீட்டில் கூடியவர்களை ஒவ்வொருவராகச் சாகவிட்டார். ‘அந்த நாள்’ படத்தில் அவர் கையில் எடுத்தது போர்க்காலச் சென்னையின் பயம்.

அந்தப் பயம் கற்பனையல்ல. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த சில நாட்களில் சென்னை காலியாகத் தொடங்கியது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு எழும்பூரில் ரயிலேறினார்கள். தங்கியவர்களுக்கு இருட்டடிப்பு, ஜன்னலில் கறுப்புக் காகிதம், ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) வார்டன்களின் அதட்டல். அப்போது மிருகக்காட்சிசாலை மூர் மார்க்கெட்டை ஒட்டி, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, மலபார் ஸ்பெஷல் போலீஸை வரவழைத்துச் சிங்கம், புலி, சிறுத்தை, கரடிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஓட வழியில்லாத கூண்டுக்குள் நின்ற விலங்குகள்! இந்தச் சம்பவத்தை யாரும் படமாக்கியதாக நான் அறியவில்லை; அது எனக்கு வருத்தம். போர்க்காலத் திகில் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பிறகு 1943 அக்டோபர் 11-ஆம் தேதி ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. ‘அந்த நாள்’ என்ற தலைப்பு அந்தத் தேதியைச் சுற்றியே நிற்கிறது.

இனி அந்த ஒற்றை வெடி. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறை. மயிலாப்பூர்த் தெரு ஒன்றில் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தவர் யாராக இருக்க முடியும்? போலீஸ்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர், உரிமம் வாங்கும் செல்வாக்குள்ள ஒரு ஜமீன்தார் அல்லது பெரிய வக்கீல். மற்றவர்களுக்குத் துப்பாக்கி என்பது திருவிழாவில் பலூன் சுடும் சாமான்தான். அப்படிப்பட்ட ஊரில், நடுத்தர வீட்டுக் கூடத்தில் கைத்துப்பாக்கி வெடித்தது என்பதே பாதிக் கதை. அபூர்வமானது என்பதால்தான் அந்தச் சத்தம் நெஞ்சில் இடிக்கிறது.

கைத்துப்பாக்கியிலும் இரண்டு சாதி உண்டு. ரிவால்வரில் தோட்டாக்கள் உருளைக்குள் உட்கார்ந்திருக்கும்; சுட்ட பிறகு வெற்றுக் கூடும் அங்கேயே தங்கிவிடும். பிஸ்டலில் அந்தக் கூடு பக்கவாட்டில் தெறித்துத் தரையில் விழும். கொலை நடந்த அறையின் தரையில் பித்தளைக் கூடு கிடக்கிறதா இல்லையா என்பதை வைத்தே துப்பறிபவர் பாதி தூரம் போய்விடலாம். பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் அன்று அதிகம் இருந்தவை வெப்ளி, என்ஃபீல்ட் ரிவால்வர்கள். இரண்டையும் நடுவில் மடக்கித் திறப்பார்கள். திறந்ததும் கூடுகள் மொத்தமாக மேலே எழும்பும். 1940-களில் நடக்கும் படத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் அப்படி மடக்கித் திறந்தாலே போதும், வசனமில்லாமல் காலம் வந்து நின்றுவிடும்.

படப்பிடிப்புக்கும் ரிவால்வர் தோதானது. உருளையைச் சுழற்றுவது விரலின் பலம் என்பதால் வெற்றுத் தோட்டா போட்டாலும் அது ஒழுங்காக இயங்கும். பிஸ்டல் அப்படியல்ல. குண்டு வெளியேறும்போது பின்னால் உதைக்கும் விசையால்தான் அது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. குண்டே இல்லாத வெற்றுத் தோட்டாவில் அந்த விசை போதாது. அதனால் குழாய்க்குள் ஓர் அடைப்பு வைத்து உள்ளே அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

துப்பாக்கியின் நுணுக்கம் எப்படி ஒரு கதையையே சுமக்க முடியும் என்பதற்கு ‘ஹே ராம்’ (2000) சாட்சி. கமல்ஹாசனின் படம். கலை இயக்கம் சாபு சிரில். கல்கத்தாவில் 1946 ஆகஸ்ட் 16-ஆம் தேதி தொடங்கிய கலவரத்தில் மனைவியைப் பறிகொடுத்த சாகேத ராம், காந்தியைக் கொல்லப் புறப்படுகிறான். அவன் கைக்கு வருவது ஜெர்மன் மௌசர். விசைவில்லுக்கு முன்னால் பெட்டி போலத் துருத்தி நிற்கும் தோட்டா அறை, துடைப்பக் கைப்பிடி மாதிரி உருண்ட பிடி. நிழலாகக் காட்டினால்கூட அடையாளம் தெரியும். 1896-லிருந்து தயாரானது. பத்துத் தோட்டாக்களை ஒரு தகட்டில் கோத்து மேலிருந்து உள்ளே தள்ளுவார்கள். கைப்பிடியில் உள்ளதைத் தவிர அதன் உடம்பில் திருகாணியே கிடையாது.

இந்த மௌசருக்கும் கல்கத்தாவுக்கும் பழைய உறவு உண்டு. 1914 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அங்கே ராடா என்ற துப்பாக்கிக் கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர்களையும் சுமார் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சிக்காரர்கள் கடத்தினார்கள். மறு வருடம் பாலசோரில் புரட்சிக்காரர் பாகா ஜதீன் போலீஸை எதிர்த்து நின்றதும் மௌசரோடுதான். ஆக, சாகேத ராம் ஏந்துவது தேசபக்தியின் ஆயுதம் என்று ஒரு தலைமுறை நம்பிய பொருள். அதைக் கொண்டு காந்தியைச் சுடப் போகிறான் என்பதில்தான் அந்தப் படத்தின் உண்மையான திகில் இருக்கிறது. இரண்டாம் மனைவி மைதிலியைத் தழுவும்போது அவள் பிரம்மாண்டமான துப்பாக்கியாக மாறும் மயக்கக் காட்சி நினைவிருக்கும். ஆசையும் கொலைவெறியும் ஒரே உருவமாகிவிட்டதை ஓர் இரும்புச் சாமானை வைத்துச் சொன்ன காட்சி தமிழில் வேறில்லை.

நிஜத்தில் 1948 ஜனவரி 30-ஆம் தேதி பிர்லா மாளிகையில் வெடித்தது வேறு துப்பாக்கி. குவாலியரில் வாங்கிய இத்தாலிய பெரெட்டா, 1934 மாடல், ஏழு தோட்டா பிடிக்கும் சின்னப் பிஸ்டல், சட்டைப் பைக்கே அடங்கும். கோட்சே சுட்டது மூன்று முறை. கற்பனையின் பெரிய மௌசர் சுடாமல் நிற்க, சரித்திரத்தின் சின்னப் பெரெட்டா வேலையை முடித்துவிடுகிறது.

வெளிநாட்டில் போரையும் பேயையும் கலக்கிற படங்கள் வரிசையாக வருகின்றன. ‘ஓவர்லார்ட்’ (2018) அப்படி ஒன்று. நார்மண்டியில் குதிக்கும் அமெரிக்கச் சிப்பாய்களின் கையில் அந்தக் காலத்து எம்-1 காரண்ட் ரைஃபிளைக் கொடுத்திருப்பார்கள். எட்டுத் தோட்டா தீர்ந்ததும் தோட்டாப் பிடி ‘டிங்’ என்று எகிறி விழும். துப்பாக்கி முதலில் நம்பும்படி இருந்தால்தான், குண்டுக்குச் சாகாத ஒன்று எதிரே வந்து நிற்கும்போது நமக்கு முதுகு சில்லிடும்.

நம் படங்களில் என்ன நடக்கிறது? அந்தக் கால இந்தியச் சிப்பாயிடம் இருந்தது ‘த்ரீ நாட் த்ரீ’. இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட், சுமார் நான்கு கிலோ. என்.சி.சி.யில் சுடாத ரைஃபிளைத் தூக்கி அணிவகுத்தவர்களின் தோளுக்கு அந்தக் கனம் மறந்திருக்காது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைப் பின்னிழுத்து முன் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். திரையிலோ போல்ட்டைத் தொடாமலே பொழிகிறார்கள். புகையில்லா மருந்து வந்து அரை நூற்றாண்டு கழிந்த கதையில் பீரங்கிப் புகை கிளம்புகிறது. ஆளாளுக்கு இயந்திரத் துப்பாக்கி, நிமிடத்துக்கு நூறு குண்டு. பாலசந்தர் ஒரே வெடியில் சாதித்தது இவற்றில் எதிலும் இல்லை.

துப்பாக்கியைச் சரியாகக் காட்டப் பெரிய செலவு பிடிக்காது. செட்டில் நிஜத் துப்பாக்கி வேண்டியதே இல்லை, வேண்டவும் கூடாது. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் நிஜத் தோட்டா வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் செத்துப்போனார். டம்மி போதும், ஆனால் அந்தக் காலத்து டம்மியாக இருக்க வேண்டும். கலை இயக்குநரின் உதவியாளர்கள் ஒரு காலை நேரம் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஆயுதங்களின் பிடியையும் தேய்மானத்தையும் வரைந்துகொண்டு வரலாம். ஓய்வுபெற்ற சுபேதார்கள் இந்த நகரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்து நடிகருக்கு ஒரு நாள் போல்ட் இழுக்கச் சொல்லித்தரச் செய்யலாம். அவர் பெயரையும் டைட்டிலில் போடலாம்.